முழுவாய்ப் பல் உள்வைப்பு: சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

தாதர் ரயில் நிலையத்தின் எந்த வாயில் வழியாக வெளியே வந்தாலும் பல் மருத்துவமனையின் பெயர்ப்பலகை ஒன்றேனும் கண்ணில் படாமல் போகாது. மேற்கே ரானடே சாலையின் பக்கமும், கிழக்கே இந்து காலனியின் பக்கமும் மாடிக்கு மாடி அவை தொங்குகின்றன. மேற்கு ரயில் பாதையும் மத்திய ரயில் பாதையும் சந்திக்கும் இடம் தாதர். மாட்டுங்காவிலிருந்து ஒரே நிலையம். செம்பூரிலிருந்து குர்லாவில் வண்டி மாறினால் போதும். தாராவியிலிருந்து பேருந்தே வந்துவிடும். ஆகவே நம் தமிழ்க் குடும்பங்களின் மூத்தவர்கள் பல்லுக்காகத் தாதருக்கு வருவது இயல்பாகிவிட்டது. அண்மைக் காலமாக அப்பலகைகளில் இரண்டு வாக்குறுதிகள் பெரிய எழுத்தில் இடம்பெறுகின்றன. ஒன்று, சில நாட்களில் நிலையான பற்கள். மற்றொன்று, வட்டியில்லாத் தவணை. முதலாவது வாயைப் பற்றியது. இரண்டாவது வங்கிக் கணக்கைப் பற்றியது. பணி ஓய்வின்போது கைக்கு வந்த தொகையின் ஒரு பெரும்பகுதி ஒரே சிகிச்சையில் செலவாகக்கூடும் என்பதால், இரண்டையும் சேர்த்தே ஆராய்வது நல்லது.

பல் விழுந்தால் இழப்பது பல்லை மட்டுமன்று. பல்லின் வேரைத் தாங்கி நிற்கும் எலும்பு, அந்த வேர் இருக்கும்வரைதான் தன் வடிவில் நிலைத்திருக்கும். வேர் அகன்றபின் அந்த எலும்புக்கு வேலையில்லை; உடல் அதைச் சிறிது சிறிதாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பல்லை எடுத்த முதல் ஓராண்டிலேயே அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியளவு குறைந்துவிடக்கூடும். அதன்பின் தேய்வு மெதுவாகத் தொடர்கிறது. கன்னம் உள்வாங்குவதும், மூக்கும் முகவாயும் நெருங்கிவருவதும், ஐந்து ஆண்டுகளுக்கு முன் கச்சிதமாகப் பொருந்திய பல்செட் இன்று பேசும்போது நழுவுவதும் இதனால்தான். மேல்தாடைப் பல்செட்டுக்கு அண்ணத்தின் பிடிப்பு உண்டு. கீழ்த்தாடைக்கு அதுவும் இல்லை. நாக்கு அசையும்போதெல்லாம் அது எழும்பும். கழற்றி மாட்டும் பல்செட் அணிந்தவரின் கடிக்கும் வலிமை இயற்கைப் பற்கள் உள்ளவருடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. முறுக்கையும் வேர்க்கடலையையும் அவர்கள் மறந்துவிடுவதுகூடப் பெரிதன்று. காய்கறி, பயறு, இறைச்சி ஆகியவற்றையும் விலக்கிக் குழைந்த சோற்றிலேயே காலம் தள்ளுவதால் உடலின் சத்து குறைகிறது. கவலைக்குரியது அதுவே.

இந்தச் சிக்கலுக்கான விடை தற்செயலாகக் கிடைத்தது. சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர் 1950களின் தொடக்கத்தில், எலும்புக்குள் இரத்தம் ஓடும் விதத்தைக் காண முயல்களின் காலெலும்பில் டைட்டானியத்தாலான நுண்ணிய நோக்குக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது கழற்ற முடியவில்லை. எலும்பு அந்த உலோகத்தை அந்நியமாகக் கருதாமல் அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இந்த எலும்பிணைவே இன்றைய பல் உள்வைப்புகள் அனைத்துக்கும் அடிப்படை. 1965ஆம் ஆண்டு கோத்தன்பர்க் நகரில் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் அவர் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு உடையவர் லார்சன். கீழ்த்தாடையில் பற்களே இல்லை. 2006இல் அவர் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்த உள்வைப்புகள் அவருக்குப் பயன்பட்டன. இருந்தும் மருத்துவ உலகம் இதை உடனே ஏற்கவில்லை. 1982இல் கனடாவின் டொரான்டோவில் நடந்த மாநாட்டில் நீண்டகாலச் சான்றுகள் முன்வைக்கப்பட்ட பின்னரே பிற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதைப் பயிற்றுவிக்கத் தொடங்கின.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். உலகின் முதல் நோயாளிக்கே முழுத் தாடைக்கும் நான்கு திருகுகள்தாம் போடப்பட்டன. முழுவாய்ச் சிகிச்சை என்றால் முப்பத்திரண்டு பல்லுக்கும் முப்பத்திரண்டு உள்வைப்பு என்று எண்ணி மலைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படியன்று. ஒரு தாடைக்கு நான்கு முதல் எட்டு வரை உள்வைப்புகள் பதிக்கப்பட்டு, அவற்றின்மேல் ஒரே வில்லாகப் பன்னிரண்டு அல்லது பதினான்கு பற்கள் திருகிப் பொருத்தப்படுகின்றன.

எத்தனை, எங்கே?

உள்வைப்பு என்பது பல்லின் வேருக்கு மாற்றாக அமையும் ஒரு திருகு. பெரும்பாலும் 3.5 முதல் 5 மில்லிமீட்டர் குறுக்களவும் 8 முதல் 15 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதைப் பதிக்கத் தாடையில் போதிய எலும்பு வேண்டும். ஆனால் மேல்தாடையின் பின்பகுதியில் எலும்புக்கு மேலே சைனஸ் என்னும் காற்றறை இருக்கிறது. கீழ்த்தாடையின் பின்பகுதியில் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. முன்னதைத் துளைத்தால் சீழ் பிடிக்கலாம். பின்னதைக் காயப்படுத்தினால் கீழ் உதடு மரத்தே போகலாம். ஆகையால் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் இல்லாமல் முழுவாய்ச் சிகிச்சையைத் திட்டமிடுவது முறையன்று. சாதாரண எக்ஸ்ரேயைப் பார்த்தே விலை சொல்லும் இடத்திலிருந்து எழுந்துவருவதில் தவறில்லை.

பின்பகுதியில் எலும்பு குறைந்தவர்களுக்கு முன்பெல்லாம் எலும்பு ஒட்டுச் சிகிச்சை செய்து பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. போர்ச்சுகலைச் சேர்ந்த பாவ்லோ மாலோ 1990களில் வேறு வழி கண்டார். முன்பகுதியில் இரண்டு திருகுகளை நேராகவும், பின்னால் இரண்டைச் சாய்வாகவும் பதித்து, சைனஸையும் நரம்பையும் தொடாமல் விலகிச் செல்லும் முறை அது. ஆல்-ஆன்-ஃபோர் என்று இன்று மும்பையின் விளம்பரங்களில் காணப்படுவது இதுதான். மேல்தாடை எலும்பு மிகவும் தேய்ந்தவர்களுக்குக் கன்ன எலும்புவரை செல்லும் நீண்ட உள்வைப்புகளும் உண்டு. அது அனுபவம் மிக்க தாடை அறுவை மருத்துவர் செய்ய வேண்டியது.

மூன்று நாள், ஐந்து நாள் என்று விளம்பரப்படுத்தப்படுபவை பெரும்பாலும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. தாடையின் அடியாழத்திலுள்ள கெட்டியான எலும்பில் ஒரே துண்டாலான திருகுகளைப் பதித்து, சில நாட்களில் இறுதிப் பற்களையே ஒட்டிவிடும் முறை அது. சிலருக்கு ஏற்றதாக இருக்கலாம். ஆனால் பிரோனமார்க் வழிவந்த உள்வைப்புகளுக்கு உள்ள பல பத்தாண்டுச் சான்றுகளை இதற்கும் உரியவையாகக் காட்டுவது நேர்மையன்று. மேலும், ஒட்டப்பட்ட பற்களைப் பழுதுபார்க்கக் கழற்றுவது திருகப்பட்ட பற்களைக் கழற்றுவதுபோல் எளிதன்று. "எனக்குச் செய்யப்போவது எந்த வகை? எதிர்காலத்தில் ஒரு திருகு தோற்றால் என்ன செய்வீர்கள்?" என்னும் இரு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்தபின் முடிவெடுக்கலாம்.

விளம்பரங்களில் அவ்வளவாக இடம்பெறாத ஒரு தேர்வும் உண்டு. கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டே உள்வைப்புகளைப் பதித்து, அவற்றின்மேல் சட்டைப் பொத்தான்போல் கவ்விக்கொள்ளும் பல்செட்டை அமைப்பது. இரவில் கழற்றிக் கழுவலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு வழங்க வேண்டிய முதல் தேர்வு இதுவே என்று அறிவித்தனர். செலவு நிலையான பற்களுக்கு ஆவதில் ஒரு பகுதிதான். எழுபத்தைந்து வயதில், கைவிரல் நடுக்கத்தால் நுட்பமாகத் துலக்க முடியாத ஒருவருக்கு நிலையான பற்களைவிட இதுவே பொருத்தம் என்பது எம் கருத்து. மேலே வழக்கமான பல்செட், கீழே இந்தப் பொத்தான் பல்செட் என்று அமைத்துக்கொண்டு நிறைவாக உண்பவர்கள் பலர்.

யாருக்குப் பொருந்தும்?

வயது மட்டும் தடையன்று. உடல்நிலைதான் கணக்கு. சர்க்கரை நோயாளிகள் மூன்று மாத இரத்தச் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே அறுவைக்குச் செல்ல வேண்டும். இல்லையேல் புண் ஆறுவது தாமதமாகும், எலும்பிணைவும் குன்றும். இதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தலாகாது. இதய மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டியது அது. எலும்புத் தேய்வுக்காக அலென்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் அமில ஊசியோ எடுத்துக்கொண்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். இம்மருந்துகளின் பின்விளைவாக, அறுவைக்குப்பின் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் நிலை அரிதாக ஏற்படுகிறது. எப்போதோ எடுத்த ஊசிதானே என்று பெண்மணிகள் பலர் இதைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகின்றனர்.

புகைபிடிப்பவர்களுக்கு உள்வைப்புத் தோல்வியுறும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. குட்கா, பான் மசாலா பழக்கம் உள்ளவர்களின் நிலை இன்னும் கடினம். பாக்கு மென்று மென்று உட்கன்னம் இறுகி, வாயே இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும் என்ற நிலையில் மருத்துவரின் கருவி உள்ளே செல்லவே இடமிருக்காது. அவர்கள் முதலில் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அறுவை நாளும் அதன் பின்னும்

ஒரு தாடைக்கான அறுவை பெரும்பாலும் மரப்பு ஊசியிலேயே நடக்கும்; இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். ஆட்டங்கண்ட பற்கள் எஞ்சியிருந்தால் அதே அமர்வில் எடுக்கப்பட்டு, உடனே திருகுகள் பதிக்கப்படும். வலியைவிடத் துளையிடும் அதிர்வும், வாயைத் திறந்தே வைத்திருக்கும் களைப்புமே மிகுதி என்று சிகிச்சை பெற்றவர்கள் சொல்வதுண்டு. வீக்கம் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சமடையும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நான்காம் நாளுக்குப் பின்னும் வீக்கம் வளர்ந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உதட்டின் மரப்பு நீங்காவிட்டாலோ மருத்துவரை உடனே அணுக வேண்டும்.

திருகுகள் எலும்பில் போதிய இறுக்கத்துடன் அமர்ந்தால், அன்றோ அடுத்த சில நாட்களிலோ தற்காலிகப் பற்கள் பொருத்தப்படும். இறுக்கம் போதாவிடில் ஈறை மூடித் தைத்துவிட்டு, கீழ்த்தாடைக்கு மூன்று மாதங்களும் மேல்தாடைக்கு ஆறு மாதங்கள் வரையும் காத்திருப்பது வழக்கம். அறுவையின்போதுதான் இது உறுதியாகும். ஆகவே 'பற்களோடு வீடு திரும்பலாம்' என்பதை வாய்ப்பாகக் கொள்ள வேண்டுமேயன்றி உறுதிமொழியாகக் கொள்ளலாகாது. வீட்டில் திருமணம் வருகிறது என்று அதற்கு முந்தின வாரம் நாள் குறிப்பவர்கள் இதை நினைவில் கொள்க.

தற்காலிகப் பற்கள் கிடைத்தவுடன் கடிக்கலாம் என்று பொருளில்லை. எலும்பு இணையும் அந்த இரண்டு மூன்று மாதங்களில் திருகு நுண்ணளவு அசைந்தாலும் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு சூழ்ந்துவிடும். பிறகு அத்திருகு பயன்படாது. நம் சமையலில் இதற்குப் பஞ்சமில்லை: இட்லி, இடியாப்பம், தயிர்சாதம், குழைந்த பொங்கல், மசித்த கீரை, பருப்புக் கஞ்சி, முட்டை. தோசையும் மெத்தென்று இருந்தால் ஆகும். வடாபாவின் பாவ் மென்மையானதுதான். உள்ளிருக்கும் மொறுமொறுப்பான வடை அப்படியன்று.

பேச்சில் ஏற்படும் மாற்றத்தைப் பற்றிப் பலரும் எதிர்பார்ப்பதில்லை. தகரமும் நகரமும் நாவின் நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்துவதாலும், வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயைவதாலும் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துரைக்கிறது. பல்லின் இடமும் தடிமனும் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் இவ்வொலிகள் தடுமாறும். சகரத்தில் சீழ்க்கை கலக்கும். செய்தித்தாளை நாள்தோறும் பதினைந்து நிமிடம் உரக்கப் படித்துவந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பழகாவிட்டால் தற்காலிகப் பல்லின் வடிவத்திலேயே திருத்தம் செய்துகொள்ள வேண்டும். இறுதிப் பல் செய்தபின் திருத்துவது கடினம். இறுதிப் பல்லுக்கான மாதிரியைப் பொருத்திப் பார்க்கும் நாளில் குடும்பத்தார் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதும், பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோவதும் உதவும். திருமணப் புகைப்படமே பெரும்பாலும் அகப்படும். அதிலோ அக்கால வழக்கப்படி யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

இறுதிப் பற்கள் இரு வகைப்படும். உலோகச் சட்டத்தின்மேல் அக்ரிலிக் பற்கள் அமைந்தவை விலை குறைந்தவை. ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும், உடைந்தால் எளிதில் செப்பனிடலாம். சிர்கோனியா உறுதியானது, நிறம் மாறாதது; விரிசல் கண்டால் பெரும்பாலும் புதிதாகவே செய்ய வேண்டும். எதுவாயினும் இயற்கைப் பல்லுக்கு உள்ள தொடுவுணர்வு உள்வைப்புக்குக் கிடையாது. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய தசைநார்தான், சோற்றில் கிடக்கும் சிறு கல்லை உணர்ந்து தாடையைச் சட்டென்று நிறுத்துகிறது. உள்வைப்பில் அந்தத் தசைநார் இல்லை. அரிசியைச் சற்றுக் கூடுதல் கவனத்துடன் களைய வேண்டியிருக்கும். மறுபுறம், மேல்தாடையில் நிலையான பற்கள் பெற்றவர்களுக்கு அண்ணம் மூடப்படுவதில்லை. காப்பியின் சூடும் உணவின் நயமும் பல்செட் காலத்தில் மறைந்திருந்தவை மீண்டும் தெரியவரும்.

செலவுக் கணக்கு

முழுவாய்க்கும் ஆகும் செலவு சில லட்சங்களில்தான் தொடங்கும். உள்வைப்பின் நிறுவனம், எண்ணிக்கை, இறுதிப் பல்லின் வகை ஆகியவற்றைப் பொறுத்து ஒரே தெருவில் இரு மருத்துவமனைகளுக்கிடையே பெரும் வேறுபாடு இருக்கும். ஆகவே எழுத்தில் மதிப்பீடு பெறுவது இன்றியமையாதது. அதில் ஸ்கேன், பல் எடுத்தல், எலும்பு ஒட்டு, தற்காலிகப் பல், இறுதிப் பல் ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். தற்காலிகப் பல்லோடு நின்றுவிடும் மதிப்பீடுகளும் உள்ளன. குறைந்த விலையின் மறைபொருள் சில வேளைகளில் அதுதான். முழுத்தொகையையும் முன்கூட்டிச் செலுத்தாமல், திட்டம், அறுவை, இறுதிப் பல் என்று கட்டங்களாகப் பிரித்துச் செலுத்தக் கோருவது நோயாளியின் நியாயமான உரிமை.

மருத்துவக் காப்பீடு இதற்குக் கைகொடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பெரும்பாலான திட்டங்கள் விபத்தால் நேர்ந்த பல் சிகிச்சையை மட்டுமே ஏற்கின்றன. காப்பீடு இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கோர, பழைய வரி முறையில் இடமுண்டு. ரொக்கமாகச் செலுத்தினால் அக்கழிவு கிடைக்காது. சிகிச்சை இரு நிதியாண்டுகளில் பரவும்போது ஒவ்வோர் ஆண்டின் ரசீதையும் தனியே வைத்துக்கொள்ளலாம்.

வட்டியில்லாத் தவணையைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே எச்சரித்திருக்கிறது: சுழிய வட்டி என்று ஒன்று இல்லை, வட்டியே பரிசீலனைக் கட்டணம் என்ற பெயரில் மறைந்து நிற்கிறது என்பது அதன் சாரம். ஓர் எடுத்துக்காட்டு. 5 லட்சம் ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தவணையில் 'வட்டியின்றி'ச் செலுத்தலாம். தொடக்கத்தில் 40,000 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாக இது 8 சதவீதம்போல் தோன்றும். உண்மையில் கைக்கு வந்த கடன் 4,60,000 ரூபாய்தான். அதுவும் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. கணக்கிட்டால் ஆண்டு வட்டி 15 சதவீதத்தைத் தாண்டும். அதே 5 லட்சத்தை 12 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 16,607 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 97,900 ரூபாய். எது இலாபம் என்பது காலத்தையும் கட்டணத்தையும் பொறுத்தது. ஒப்பிடும் வழி இப்போது எளிது: 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வழங்குவோர் தர வேண்டும். மருத்துவமனை மேசையிலேயே கைப்பேசியில் ஒப்புதல் கேட்டாலும் அதைப் படித்த பிறகே ஒப்புதல் தரவும்.

வைப்புத்தொகை வைத்திருப்பவர்கள் அதை முதிர்வுக்கு முன் உடைத்து வட்டியை இழப்பதைவிட, அதன் ஈட்டின்மேல் கடனோ மிகைப்பற்றோ பெறலாமா என்று தம் கிளையில் கேட்டறிவது நலம். வைப்பின் வட்டியைவிடச் சற்றே கூடுதலான வீதத்தில் அது கிடைக்கும். பயன்படுத்திய தொகைக்கு மட்டுமே மிகைப்பற்றில் வட்டி. கட்டங்களாகப் பணம் செலுத்தும் இச்சிகிச்சைக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது.

செலவைக் குறைக்க இன்னொரு வழி தாதரிலிருந்து இரு ரயில் பாதைகளிலும் உள்ளது. மேற்குப் பாதையில் மும்பை சென்ட்ரலில் இறங்கினால் மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரி. மத்தியப் பாதையில் கடைசி நிலையம்வரை சென்றால் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. இங்கே முதுநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் சிகிச்சை அளிக்கின்றனர். கட்டணம் குறைவு, வருகைகளும் காத்திருப்பும் மிகுதி. நேரம் உள்ள ஓய்வூதியர் ஒருமுறை விசாரித்துப் பார்ப்பதில் இழப்பில்லை. வேறெங்குச் சென்றாலும் மருத்துவரின் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவெண்ணையும், அறுவை செய்பவர் யார், பல் அமைப்பவர் யார் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

பொருத்திய பிறகு

உள்வைப்புக்குச் சொத்தை வராது. ஆனால் அதைச் சூழ்ந்த ஈறும் எலும்பும் அழற்சியுறும். ஐந்து நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவருக்கு எலும்பைக் கரைக்கும் இந்த அழற்சி ஏதேனுமோர் அளவில் தோன்றுகிறது. தொடக்கத்தில் வலி இராது. துலக்கும்போது இரத்தம் கசிவது மட்டுமே அறிகுறி. பத்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து உள்வைப்புகள் நிலைத்திருக்கின்றன என்று சொல்லப்படும் கணக்கு, பராமரித்தவர்களின் கணக்கு. வில்லின் அடியில் உணவு தங்கும் இடைவெளியை மெல்லிய இடைப்பல் தூரிகையாலோ நீர் பீய்ச்சும் கருவியாலோ நாள்தோறும் தூய்மை செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவையானபோது அவர் பற்களைக் கழற்றித் தூய்மை செய்து மீண்டும் திருகுவார். உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு இரவில் அணியும் உறை தனியே தேவைப்படும்.

உள்வைப்பு ஒவ்வொன்றும் ஓர் ஒட்டுச்சீட்டுடன் வருகிறது. அதில் நிறுவனத்தின் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியன இருக்கும். அந்தச் சீட்டுகளை ஓர் அட்டையில் ஒட்டித் தருமாறு மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும். ஒரு நிறுவனத்தின் திருகுக்கு மற்றொரு நிறுவனத்தின் திருப்புளி பொருந்தாது. பத்து ஆண்டுகள் கழித்து மகனோடு சென்னைக்கோ மகளோடு பெங்களூருக்கோ குடிபெயர்ந்தபின் ஒரு திருகு தளர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். வீட்டுப் பத்திரங்களோடு அதையும் வைத்து, ஒரு படத்தைப் பிள்ளைகளின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள்.